குப்பை எது என்பதை வண்டிக்காரர் சொல்லட்டும்

வண்டிகளைக் கழுவிச் சுத்தம் செய்யும் எங்கள் தொழிலில் பொருள் காணாமல் போவது என்றாலே எல்லோருக்கும் திருட்டுதான் நினைவுக்கு வருகிறது. திண்டிவனத்தில் வேலை கற்று, விழுப்புரத்தில் கடை போட்டு, இத்தனை வருடம் வண்டிகளுக்குள் குனிந்து வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: திருட்டு அரிது. அடிக்கடி நடப்பது வேறு. நல்ல பையன், நேர்மையான பையன், வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் எதையோ எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறான். மாலையில் வண்டியை எடுக்க வந்தவர் அதைத் தேடுகிறார். திருடு போன பொருளுக்கு யார் மீதாவது கோபப்படலாம். அக்கறையோடு செய்த வேலையில் தொலைந்துபோன பொருளுக்கு அதுகூட முடியாது. எங்கள் தொழிலில் நான் கண்ட பெரிய மனத்தாங்கல்கள் எல்லாமே இந்த வகைதான்.

மரக்காணம் பக்கத்து விவசாயி ஒருவர் தன் பொலேரோவை வாட்டர் வாஷுக்கும் உள் சுத்தத்துக்கும் விட்டிருந்தார். டிக்கியின் மூலையில் ஒரு துணிப்பை, உள்ளே அரைக் கிலோ அளவுக்கு மண். பக்கத்தில் தாளில் மடித்த நிலக்கடலைப் பொட்டலங்கள் சில, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஓர் எண். வேக்கூம் போடப் போன பையன், “அண்ணே, பை நெறைய மண்ணு கெடக்கு, கொட்டிடவா?” என்று கேட்டான். கேட்காமல் எதையும் கொட்டக்கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். போன் போட்டோம். மண் பரிசோதனைக்குக் கொண்டுபோகிற மண் அது. வயலில் பல இடங்களில் ‘வி’ வடிவத்தில் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை ஓரத்தைச் சீவியெடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, திரும்பத் திரும்ப அப்படியே செய்து, கடைசியில் மிஞ்சுகிற அரைக் கிலோ. அதற்குள் நிலத்தில் எரு இறைத்துவிட்டால் அந்த மண்ணைத் திரும்ப எடுக்க வழியில்லை. கடலை, விதைக்காக ரகம் பிரித்து வைத்தது. எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் திண்டிவனம், டி.எம்.வி. என்று தொடங்குகிற கடலை ரகங்கள் எல்லாம் அந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் தொழில் கற்றவன் கடையில் விதைக்கடலையைக் குப்பையில் கொட்டியிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்!

மண்ணையே குப்பை என்று சொல்ல முடியாது என்றால் வேறு எதைச் சொல்ல முடியும்? அன்றிலிருந்து கடையில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பையனுக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். அழுக்கை எடுப்பது நம் வேலை. குப்பை எது என்று முடிவு செய்வது வண்டிக்காரர் வேலை.

எங்கள் பக்கத்துச் சாலைகளை அறிந்தவர்களுக்கு வண்டிக்குள் என்ன கிடக்கும் என்பதும் தெரியும். திண்டிவனத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரு வழி புதுச்சேரிக்குப் பிரிகிறது, இன்னொரு வழி செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறது. அமாவாசைக்கு மறுநாள் மேல்மலையனூர் போய்வந்த வண்டிகள். பௌர்ணமி முடிந்தால் கிரிவலம் போனவை, திருவக்கரை போனவை. கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள், சீட்டெல்லாம் விபூதியும் நெய் வாசனையுமாக. மேல்மருவத்தூரிலிருந்து வருகிறவற்றில் சிவப்புத் துணி. முகூர்த்த நாளில் மயிலம் போன வண்டியில் அட்சதையும் பன்னீரும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் ஜிப்மருக்கும் அலைகிற வண்டிகளில் எக்ஸ்ரே படமும் ஸ்கேன் ரிப்போர்ட்டும். வக்கீல்களின் வண்டியில் நாடா கட்டிய கேஸ் கட்டு. ஒரு வண்டியின் உட்புறத்தைப் பார்த்தாலே அந்தக் குடும்பம் இந்த மாதம் எங்கே போனது, எதற்குக் கவலைப்படுகிறது என்பது தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளும்படியான இடத்தில் நம்மை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

டாஷ்போர்டில் காய்ந்து கறுத்துக் கிடக்கிற எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் தொழில் கற்று வந்த ஒருவர் அதை முதல் வேலையாகத் தூக்கி எறிவார். எங்கள் பக்கத்தில் அது அம்மன் சன்னிதியில் வாங்கி வந்த பழம். அதை எப்போது எடுக்க வேண்டும், எடுத்தால் எங்கே போட வேண்டும் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை இருக்கும். கிளவ் பாக்ஸில் மடித்த குங்குமப் பொட்டலம், கண்ணாடியில் தொங்கும் கறுப்புக் கயிறு, ஜெபமாலை, அரபி எழுத்துள்ள தகடு எல்லாவற்றுக்கும் எங்கள் கடையில் ஒரே விதி. கழற்றாமல் வேலை நடக்குமென்றால் கழற்றக் கூடாது. மைக்ரோஃபைபர் துணியால் சுற்றிவிட்டு மற்ற இடத்தைத் துடைக்க வேண்டும். டபுள் டேப்பில் ஒட்டியிருக்கிற பிள்ளையாரை எடுத்தே ஆக வேண்டும் என்றால் வண்டிக்காரரிடம் கேட்டு, கை கழுவிவிட்டு எடுத்து, தரையில் வைக்காமல் அலமாரியில் வைக்க வேண்டும். டாஷ்போர்டு பாலிஷை நேராக ஸ்பிரே செய்யக் கூடாது, துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். சிலை மேல் படிந்த சிலிக்கான் பிசுபிசுப்பு எளிதில் போகாது. பையன்களில் எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள். யாருடைய சாமியாக இருந்தாலும் மரியாதை ஒன்றுதான்.

வேலை தொடங்குமுன் வண்டிக்காரரும் நாங்களும் சேர்ந்து வண்டியைச் சுற்றிப் பார்ப்போம். வெளியே கீறல் பார்ப்பதோடு பெரும்பாலான கடைகளில் இது முடிந்துவிடுகிறது. நான் நான்கு கதவையும் டிக்கியையும் கிளவ் பாக்ஸையும் அவர் கையாலேயே திறக்கச் சொல்வேன். “பணம், நகை, லேப்டாப், மாத்திரை ஏதாவது இருந்தா கையோட எடுத்துக்குங்க சார்.” மாத்திரையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் வெப்பம் 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இன்சுலின் அதைத் தாங்காது. பவர் பேங்க், லைட்டர், பாடி ஸ்பிரே கேன் ஆகியவையும் அந்தச் சூட்டில் ஆபத்தானவை. அவர் எடுத்துக்கொள்ள மறந்தால் நாங்கள் நிழலில் எடுத்து வைத்துவிடுகிறோம்.

மிச்சமிருக்கிற பொருட்களை எடுக்குமுன் ஒவ்வொரு பகுதியையும் அவை கிடக்கிற கோலத்திலேயே போட்டோ எடுக்கிறோம். பிறகு உள்ளிருப்பது தெரிகிற ஜிப் கவர்கள். முன்பக்கத்துப் பொருள் ஒரு கவரில், பின்சீட்டுப் பொருள் இன்னொன்றில், கதவுப் பைகளில் இருந்தவை தனியாக, டிக்கியில் இருந்தவை தனியாக. சாவியில் மாட்டுகிற எண்ணையே கவரின் மேலும் எழுதுகிறோம். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டுக் கொடுத்தால் பொருள் தொலையாது என்பது உண்மைதான். ஆனால் ஓர் அம்மா இடது பக்கக் கதவுப் பையில் வைத்திருக்கும் இன்ஹேலரை, இருமல் வருகிற நேரத்தில் கை போகிற இடத்தில் தேடுவார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தால்தான் அது திருப்பிக் கொடுத்ததாகும். சீட்டை முன்னே தள்ளி வேலை பார்த்தால் பழைய இடத்துக்கே நகர்த்த வேண்டும், கண்ணாடியின் கோணத்தையும் அப்படியே.

பெட்ரோல் பில், பார்க்கிங் சீட்டு, டோக்கன், காய்ந்த பூச்சரம், உடைந்த பொம்மைக் கை மாதிரியானவற்றுக்குத் தனியாக ஒரு கவர். கெட்டுப்போன சாப்பாட்டை மட்டும் உடனே அப்புறப்படுத்துகிறோம். வண்டியைக் கொடுக்கும்போது அந்தக் கவரை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் குப்பைத் தொட்டியையும் காட்டுவோம். பெரும்பாலானவர்கள் பார்க்காமலேயே போட்டுவிடுவார்கள். சிலர் நின்று கிளறி ஒரு சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். அந்தச் சிலருக்காகத்தான் இந்த ஏற்பாடு.

சின்ன நகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கைத்திறன் இங்கேதான் தெரியும். கம்மல் திருகாணி, மூக்குத்தி, மெட்டி, குழந்தையின் கொலுசு மணி இவையெல்லாம் போய்ச் சேருகிற இடங்கள் எனக்கு மனப்பாடம். சீட் பெல்ட் சொருகுகிற பக்கிளுக்கும் சீட்டுக்கும் நடுவில், சீட் நகரும் தண்டவாளத்துக்குள், பின்சீட்டின் முதுகும் அடியும் சேருகிற மடிப்பில், ஹேண்ட் பிரேக் உறையின் அடியில். எனவே மெஷினுக்கு முன்னால் கை போக வேண்டும், கைக்கு முன்னால் டார்ச். ஏர் பிரஷர் அடிப்பது கடைசியில்தான். முதலிலேயே அடித்தால் திருகாணி கார்ப்பெட்டுக்கு அடியில் பறந்துவிடும். சீட்டின் இடுக்குகளில் வேக்கூம் போடும்போது குழாய் முனையில் ஒரு நைலான் காலுறையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். தூசி உள்ளே போகும், உலோகம் வெளியிலேயே ஒட்டி நிற்கும். அப்படியும் நாள் முடிவில் வேக்கூம் டிரம்மை நேராகக் குப்பையில் கவிழ்க்காமல் வெள்ளைத் தார்ப்பாயில் கொட்டிக் காந்தத்தையும் கையையும் ஓட்டிப் பார்க்கிறோம். தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் கைதான் முக்கியம். இரும்புத் துகளும் ஆணியும் காந்தத்தோடு போனால் கைக்கு வேலை குறையும். சீட்டுக்கு அடியில் கை விடும்போது மஞ்சள் உறை போட்ட ஒயரை இழுக்கக் கூடாது, அது ஏர்பேக்குக்குப் போகிற இணைப்பு.

கண்டெடுத்ததை யாரிடம் கொடுப்பது? கேட்பதற்கு எளிய கேள்வி. டிராவல்ஸ் வண்டியை டிரைவர் கொண்டுவருகிறார், வண்டிக்குச் சொந்தக்காரர் வேறு, கிடைத்த கொலுசோ போன வாரம் பயணம் செய்த யாரோ ஒரு குடும்பத்தினுடையது. டிரைவரிடம் மறைத்துவிட்டு முதலாளிக்குப் போன் செய்வது அவரைச் சந்தேகப்பட்ட கணக்காகும். பேசாமல் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினால், நாளைக்கு ஒரு பேச்சு வரும்போது அதில் மாட்டுகிறவரும் அவர்தான். ஆகவே, “டிரைவர் அண்ணே, இது சீட்டுக்கடியில கெடச்சிது. ஓனருக்கு உங்க எதிரிலேயே ஒரு போன் போட்டுடறேன்” என்று அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறேன். நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குகிறேன். ஒருவர்கூட இதற்கு முகம் சுளித்ததில்லை. தன்னைக் காப்பாற்றுகிற ஏற்பாடு என்று டிரைவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது.

இதே நோட்டும் வேலைக்கு முன் எடுக்கிற போட்டோக்களும் எங்கள் பையன்களையும் காப்பாற்றுகின்றன. நான் வேலை கற்ற காலத்தில் ஒரு கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வண்டியில் வைத்த மோதிரத்தைக் காணோம் என்று ஒருவர் சத்தம் போட்டார். வேலை செய்த பையன்களை வரிசையாக நிற்க வைத்துச் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் தெருவே பார்க்கக் காலி செய்யச் சொன்னார்கள். மோதிரம் அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. மறுநாள் போனில் சொன்னார். அதற்குள் ஒரு பையன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். நன்றாக வேலை செய்கிறவன், கைச்சுத்தமானவன். அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலை தொடங்குமுன் எடுத்த ஐந்து போட்டோக்கள் இருந்திருந்தால் அந்த வரிசையே நின்றிருக்காது. வாடிக்கையாளரின் பொருளைப் பத்திரப்படுத்துவதும் தொழிலாளியின் மானத்தைப் பத்திரப்படுத்துவதும் என் கண்ணுக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன.

‘வண்டியில் உள்ள பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பல கடைகளில் பலகை தொங்குகிறது. என் கடையில் கிடையாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. கண்டெடுத்த பொருளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறவருக்கும் அதே கடமை என்று 71ஆம் பிரிவு சொல்கிறது. 1998இல் டெல்லி தாஜ் மகால் ஓட்டலுக்கு மாருதி ஜென்னில் வந்த ஒருவர் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது வண்டி திருடு போயிருந்தது. பார்க்கிங் சீட்டில் பொறுப்பு வண்டிக்காரருடையது என்று அச்சடித்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது: சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அச்சடித்த வரியைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. அது ஓட்டலில் நிறுத்திய வண்டியைப் பற்றிய தீர்ப்பு, வாட்டர் சர்வீஸ் கடையையோ வண்டிக்குள் இருந்த பொருளையோ பற்றியதல்ல. ஆனாலும் சாவி கைமாறுவதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வந்த வண்டிகளை மறக்க முடியாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. அடுத்து தென்பெண்ணை பெருகி, அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் ஓடியது. கிளவ் பாக்ஸ் உயரத்துக்குச் சேறு ஏறிய வண்டிகள் வந்தன. அவற்றுக்குள் நிலப் பத்திர நகல்கள், மதிப்பெண் பட்டியல்கள், கல்யாணப் போட்டோக்கள். ஊறிய தாளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இழுக்கக் கூடாது, கிழிந்துவிடும். கட்டாகவே எடுத்து, எழுத்தில்லாத வெள்ளைத் தாளை இடையிடையே தானாக நுழைகிற இடத்தில் மட்டும் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் மெல்ல உலர்த்த வேண்டும். செய்தித்தாளை வைத்தால் அதன் மை இதில் ஏறிவிடும். வெயிலில் போட்டால் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காயுமுன் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, படம் மேலே இருக்கும்படி பரப்ப வேண்டும். அந்த வாரம் எங்கள் கடையில் வண்டியைவிடத் தாள்கள்தான் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. வழக்கமான மோட்டார் இன்ஷூரன்ஸ் வண்டிக்குத்தான் பணம் தரும். தனியாகச் சேர்த்துக்கொண்டால் தவிர உள்ளே கிடந்த சொந்தப் பொருளுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் காப்பாற்ற முடிந்ததை அங்கேயே காப்பாற்றினோம்.

இப்போது புதிதாக வந்திருக்கும் தொல்லை ரீல்ஸ். சுத்தம் செய்வதற்கு முன், பின் என்று வீடியோ எடுத்துப் போட்டால் கடைக்கு நல்ல விளம்பரம், நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ‘முன்’ வீடியோவில் நம்பர் பிளேட் தெரிகிறது, சீட்டில் கிடக்கிற ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் தெரிகிறது. ஒரு குடும்பம் எவ்வளவு அழுக்காக வண்டி வைத்திருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதற்கு அவர்கள் நமக்குப் பணம் கொடுக்கவில்லை. வண்டியின் நிலையைப் பதிவு செய்கிற போட்டோ கடை போனில் மட்டும் இருக்க வேண்டும், வண்டி போய்ச் சேர்ந்து புகார் இல்லையென்று தெரிந்ததும் அழிக்க வேண்டும். டேஷ் கேமரா பதிவை ஓட்டிப் பார்ப்பது, ஸ்டீரியோவில் ஏறியிருக்கும் போன் நம்பர்களைத் தட்டுவது, கோர்ட் சம்மனைப் பிரித்துப் படிப்பது எதுவும் எங்கள் கடையில் நடக்காது. நடந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்புவேன். திருட்டுக்கும் இதற்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை.

புதுச்சேரி இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து சரக்கு பாட்டில்களை வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவருவது குற்றம். எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டியையே பறிமுதல் செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். டிக்கியில் அப்படி ஒரு அட்டைப் பெட்டி இருந்தால் என்ன செய்வது? டிக்கியை வண்டிக்காரர் கையாலேயே திறக்கச் சொல்வது இதற்கும் உதவுகிறது. “இதை வெச்சிக்கிட்டு வண்டிய விடாதீங்க சார், எங்களுக்கும் கஷ்டம்” என்று தனியாக, மற்றவர் காதில் விழாமல் சொல்லிவிட்டால் போதும். அவர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அந்தப் பேச்சு அந்த இடத்தோடு முடிகிறது. பையன்கள் அதைப் பற்றி டீக்கடையில் பேசுவதில்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக கடைக்காரர்கள் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையாக வண்டி நிற்கும்போது கஷ்டம்தான். எனக்குத் தெரிந்த ஒரே பதில், அன்றைக்கு ஒரு வண்டி குறைவாக எடுத்துக்கொள்வது. ஷாம்பூவும் வாக்ஸும் செராமிக் கோட்டிங்கும் எல்லாக் கடையிலும் ஒரே கம்பெனியிலிருந்துதான் வருகின்றன. பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற கடைக்குத்தான் மனிதர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகிறார்கள்.

வண்டி விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணத்தையும் நகையையும் மருந்தையும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். கடையில் ஐந்து நிமிடம் நின்று கதவுகளை உங்கள் கையால் திறந்து காட்டுங்கள். தூக்கிப் போடக் கூடாத பொருள் எதுவோ அதைப் பெயர் சொல்லிச் சொல்லிவிடுங்கள், கேட்கிற பையனிடம் நேராகச் சொல்லுங்கள். கடைக்காரர் கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: “உள்ள இருக்கிறத எங்க வைப்பீங்க?” அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.